அங்க அடையாளம்: உள்பக்கம் ஒரு மச்சம்

பாஞ்சாலியின் வலது கைக் கட்டைவிரல் கெட்டிக்காரக் கட்டைவிரல். கண்ணாடி போட்ட தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள் விளக்கடியில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் தப்பவிட்டதை, அது ஒரே தடவலில் சொல்லிவிடும்.

வல்லம் வடகாலில் அவள் வேலை பார்ப்பது ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. பெரிய கார் கம்பெனிகளின் நிழலில் ஒண்டிக்கிடக்கும் சின்னக் கம்பெனி, மொத்தமே நூற்றுப் பத்துப் பேர். காரின் முன்பக்கத்தைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டி ஒன்று இருக்குமே, அதற்கு மேல்மூடி செய்கிறார்கள். பிளாஸ்டிக் குருணை மூட்டையில் வரும். மெஷின் அதை உருக்கி டைக்குள் தள்ளும். டை என்றால் வேறொன்றுமில்லை, இரும்பு அச்சு. பணியாரக் கல்லைக் கவிழ்த்து இன்னொரு பணியாரக் கல்லின்மேல் மூடினாற்போல இருக்கும். அரை நிமிஷத்துக்கு ஒரு மூடி சுடச்சுட விழும். ஓரப் பிசிறைச் சீவி, துடைத்து, பெட்டியில் அடுக்குவது பேக்கிங் பெண்களின் வேலை. அவர்களில் மூத்தவள் பாஞ்சாலி. வயது நாற்பத்து மூன்று. ஆறு வருஷமாக கான்ட்ராக்ட்.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். அதற்காக வாய் குறைச்சல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் கேன்டீன் சாம்பாரில் பருப்பே இல்லை என்று தட்டோடு பிளான்ட் ஹெட் யதிராஜ் அறைக்குள் போய், "சார், இதுல பருப்ப மட்டும் தேடிக் குட்த்துடுங்க, நான் போயிட்றேன்" என்று மேஜைமேல் வைத்தவள் அவள். மறுநாளிலிருந்து சாம்பார் கெட்டியானது.

அந்த ஃபியூஸ் மூடியை முதலில் இவர்கள் செய்யவில்லை. கிழக்கே ஒரு நாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி, இங்கே பிசிறு பார்த்துக் கார் கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் யதிராஜ் துணிந்து, அதே மூடியின் வரைபடத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குச் சொந்தமாக ஒரு டை செய்யச் சொன்னார். டை வந்து இறங்கிய அன்று பூஜை. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சுண்டல் கொடுத்துவிட்டு ஆபீஸ்காரர்கள் போய்விட்டார்கள். மெஷினில் மாட்டிய டைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். பாஞ்சாலியும், டையை மாட்டும் ஃபிட்டர் ஜெபகுமாரும்.

பாஞ்சாலி முந்தானையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். வாசலில் கட்ட மிளகாயோடு கோத்துக்கொண்டிருந்தபோது நூல் அறுந்து, மிஞ்சிப்போன பழம்.

"இத்த உள்ள வெச்சு ஒரு அமுக்கு அமுக்கு."

"அக்கா! டைக்குள்ள தூசிகூட இருக்கக் கூடாதுன்னு ரூல்."

"புது வண்டி எடுத்தியே, சக்கரத்துக்கடியில பழம் வெக்காமலா ஓட்டினு வந்த? பன்னண்டு லட்சம் சாமான். கண்ணு பட்டா?"

"நான் சர்ச்சுக்குப் போறவன்க்கா."

"பழத்துக்கு இன்னாடா மதம்? ஊறுகா துன்றல்ல?"

ஜெபகுமார் பழத்தைக் கையில் வாங்கினான். மாலை போட்ட டையின் நடுவே பழத்தை வைத்து, அழகாக இருக்கிறதே என்று போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, பட்டனை அழுத்தினான். இருநூறு டன் அழுத்தம். பழம் போன இடம் தெரியவில்லை. சாறு அவன் சட்டையில், இவள் முகத்தில். இருவரும் சிரித்துக்கொண்டே டையைத் திறந்து துடைத்தார்கள். துடைத்த துணியில் பளபளவென்று ஏதோ மின்னியது. அரை ஊசி. நூல் அறுந்தபோது ஊசியும் ஒடிந்து பழத்துக்குள்ளேயே தங்கிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. டையின் உள்முகத்தில், ஓரமாக, எள் உட்காரும் அளவுக்கு ஒரு குழி.

இருவருக்கும் சிரிப்பு நின்றது.

அன்றிலிருந்து விழுந்த ஒவ்வொரு மூடியின் உள்பக்கத்திலும் எள்ளளவு மேடு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒருநாள் சூப்பர்வைசர் இசக்கிதுரை எப்படியோ கண்டுபிடித்து, "என்னடே இது?" என்று கேட்டபோது ஜெபகுமார், "அது டையோட மச்சம் சார், உள்பக்கந்தான, ஃபிட்டிங்குக்கு ஒண்ணும் பண்ணாது" என்றான். அளந்து பார்த்தார்கள். ஒன்றும் பண்ணவில்லை. அத்தோடு விட்டார்கள், மறந்தும் போனார்கள். பாஞ்சாலி மட்டும் துடைக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அந்த எள்ளைத் தொட்டு, "மாரியாத்தா, மூடி வெச்சுக்கோ" என்று வேண்டிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில்தான் ஒப்பந்தம் வந்தது.

ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்ப்பவள் ஜயஸ்ரீ. ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருப் பெண். சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவோடு பேக்கிங் பெண்களிடம் வந்து உட்காருவாள். அவள்தான் சொன்னாள்.

"நம்ம நாடும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர் நாடும் கையெழுத்துப் போட்டிருக்காங்கக்கா. இங்க செஞ்ச மூடி அங்க போய் இறங்கினா வரி கிடையாது. நம்ம மூடி அவங்களுக்கு மலிவா கிடைக்கும், அதனால ஆர்டர் வரும்."

"அவங்க சாமான் இங்க வந்தா?"

"அதுக்கும் வரி குறையும்."

"அதான பாத்தேன். மொய் மாதிரி. நம்ம வூட்டு விசேஷத்துக்கு அவன் வெச்சா, அவன் வூட்டு விசேஷத்துக்கு நாம வெக்கணும்."

பாஞ்சாலிக்கு இந்த விஷயம் புதிதில்லை. எதிர்வீட்டு ரத்னா ஒரகடம் பக்கம் சுவிட்சு கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தவள். வேறொரு நாட்டோடு போட்ட இதே மாதிரி ஒரு கையெழுத்தில், அந்த நாட்டுச் சுவிட்சு பாதி விலைக்கு வந்து இறங்கியது. கம்பெனி இரண்டு ஷிஃப்டை ஒன்றாக்கியது. ரத்னா வீட்டுக்கு வந்தாள். இந்தச் செய்தியைக் கேட்டதும் அவள், "நல்லா கீதுடி. உன் கையெழுத்து சோறு போடுது, என் கையெழுத்து தட்டப் புடுங்கினு போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் பாஞ்சாலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்றும் வரும், கொசுவும் வரும். யார் பக்கம் காற்று, யார் பக்கம் கொசு என்பது அவரவர் படுத்திருக்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆர்டர் வந்தது. யதிராஜ் கேன்டீனில் நின்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மூணு கன்டெய்னர் தகராறு இல்லாம போய்ச் சேரட்டும். பேக்கிங்ல பன்னண்டு பேரை கான்ட்ராக்ட்லேர்ந்து கம்பெனி ரோல்ல, நிரந்தரமா எடுத்துக்கறேன். ரெண்டாவது மெஷினும் வரும், அதுக்குப் புது ஆளுங்களும் வேணும்."

பன்னிரண்டு பேர் பட்டியலில் முதல் பெயர் பாஞ்சாலி. புது ஆளுக்கு ரத்னாவின் பெயரை அன்றைக்கே இசக்கிதுரையின் காதில் போட்டுவைத்தாள். முதல் கன்டெய்னர் போனது, பணமும் வந்தது. இரண்டாவது கிளம்பும் நாளில் பெட்டிக்குள் அடுக்குக்கு நடுவே வைக்கும் தடுப்பு அட்டை தீர்ந்துவிட்டது. லாரி வாசலில் உறுமுகிறது.

"எம்மா, எப்படியாச்சும் ரெடி பண்ணுங்கம்மா. கப்பல் எனக்காவ நிக்காது" என்று இசக்கிதுரை தலையில் கை வைத்தார்.

நல்ல அட்டையை யாராவது தூக்கிப் போடுவார்களா? நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூட மளிகைச் சாமான் எழுதுவோம். ஸ்டோர் பரணில் கிழக்கு நாட்டு மூடி வந்த பழைய பெட்டிகள் கட்டுக்கட்டாக இருந்தன. பாஞ்சாலி ஏறி இறக்கினாள், நாற்பது பெட்டியை வெட்டினாள், அச்சடித்த பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து அடுக்கினாள். அட்டையில் ஏதோ எழுத்து இருந்தது. இருந்தால் என்ன? அவளுக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. இசக்கிதுரை டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஜயஸ்ரீ தயிர்சாதம் இல்லாமல் வந்தாள்.

"அக்கா, அங்க பெட்டியைத் திறந்து பார்த்திருக்காங்க. உள்ள அட்டையில வேற நாட்டு கம்பெனி பேர். இது இந்தியாவுல செஞ்சது இல்ல, அங்கேர்ந்து வாங்கி பெட்டி மாத்தி அனுப்பறாங்கன்னு சந்தேகம். ஒப்பந்தத்துல வரி இல்லைங்கறது இங்க பிறந்த சாமானுக்குத்தான். வேற எங்கயோ பிறந்து இங்க வந்து குல்லா மாத்திக்கிட்டுப் போனா கிடையாது."

"நாமதானம்மா பெத்தோம்!"

"நிரூபிக்கணும். அந்தக் குளிர் நாட்டுலேர்ந்து ஒரு கஸ்டம்ஸ் ஆபீசர் வராங்க. அதுவரைக்கும் மூணாவது கன்டெய்னர் நிறுத்தம்."

யதிராஜ் கேட்டபோது இசக்கிதுரை ஒளித்துப் பேசவில்லை. "அட்டைய எப்படியாச்சும் ரெடி பண்ணச் சொன்னது நாந்தான் சார். அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கணும்" என்றார். பாஞ்சாலிக்கு அந்த மனுஷன்மேல் அன்றுதான் மரியாதை வந்தது. அதுவரை அவருடைய தெற்கத்திப் பேச்சைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

ஆபீசர் வரும் நாள் காலையில் புருஷன் ராஜாமணியிடம் எலுமிச்சம்பழக் கதையை முதல்முறையாகச் சொன்னாள். ராஜாமணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கேட்டதும் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டார்.

"பன்னண்டு லட்சம் டையில குழி போட்டுட்டு, எட்டு மாசமா வாயே தொறக்கலியா நீ? நீயா?"

"பயந்தான்."

"இன்னிக்கும் பயந்துகினே இரு. ரோல்ல எடுக்கற நேரம். வாயில ஒரு பூட்டப் போட்டுக்கோ."

"பூட்டு வாங்கித் தந்தாதான போட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சொன்னாளே தவிர, மூடிக்கொண்டு இருந்துவிடுவது என்றுதான் முடிவு.

வந்த ஆபீசர் ஐம்பது வயதுப் பெண்மணி. செம்பட்டை முடி, வெயிலில் தக்காளியாய்ச் சிவந்த முகம். இரண்டு தம்ளர் மோர் குடித்த பிறகுதான் உட்கார்ந்தார். மீட்டிங் அறையில் யதிராஜ், இசக்கிதுரை, காகிதக் கட்டோடு ஜயஸ்ரீ, கதவோரம் ஜெபகுமார். பேக் செய்தவர் என்று பாஞ்சாலியையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆபீசர் பையிலிருந்து ஒரு தடுப்பு அட்டையையும், அங்கே பெட்டியிலிருந்து எடுத்த பத்து மூடிகளையும் மேஜைமேல் வைத்தார். அவர் பேசப் பேச ஜயஸ்ரீ தமிழில் சொன்னாள்.

அட்டை விஷயம் இசக்கிதுரை சொன்னதும் ஆபீசருக்குப் புரிந்தது. குருணை வாங்கிய ரசீது, கரண்டு பில், மெஷின் ஓடிய கணக்கு எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"காகிதம் யாரும் எழுதலாங்கறாங்க" என்றாள் ஜயஸ்ரீ. "இந்த மூடியை நீங்க முன்னாடி வெளியில வாங்கியிருக்கீங்க. அதே படம், அதே அளவு. இந்தப் பத்தும் உங்க மெஷின்ல பிறந்ததுன்னு மூடியே சொல்லுமான்னு கேக்கறாங்க."

யதிராஜ் ஒரு மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரோ எண்ணோ எதுவும் பொறிக்கக் கூடாது என்பது வாங்குகிறவர் போட்ட நிபந்தனை. மூடி வழவழவென்று இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

பாஞ்சாலியின் கை தன்பாட்டில் போய் ஒரு மூடியை எடுத்தது. கட்டைவிரல் உள்பக்கம் தடவியது. எள். இன்னொன்றை எடுத்தாள். எள். கதவோரத்தில் ஜெபகுமார் 'வேணாம்க்கா' என்று தலையை ஆட்டினான். சொன்னால் டையைக் கெடுத்தவள், கேட்டுக்கு வெளியே. சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேரும் கான்ட்ராக்ட், ரத்னாவுக்கு மெஷினும் கிடையாது. ராஜாமணி சொன்ன பூட்டு ஞாபகம் வந்தது. சாவியும் தன்னிடம்தானே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஜயஸ்ரீ, அந்தம்மாகிட்ட கேளு. அவங்க ஊர்ல புள்ளைக்கு பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்ல மச்சம் எழுதுவாங்களா?"

"என்னக்கா?"

"எம் புள்ள பரீட்ச எழுதறப்போ, அங்க அடையாளம் ரெண்டு வேணும்னு வாத்தியார் சட்டையக் கழட்டித் தேடுனாரு. ரெண்டு மச்சம் இருந்தாதான் அவன் அவன்தான்னு நம்புவாங்களாம். இந்த மூடிக்கு ஒரு மச்சம் கீது. உள்பக்கம்."

ஜயஸ்ரீ தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். ஆபீசர் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணால இல்லம்மா, கையால" என்றாள் பாஞ்சாலி. "பரண்ல அந்த நாட்டு மூடி இன்னும் ஒரு பெட்டி கீது. அதுல பத்து எடுத்துனு வாங்க. ரெண்டையும் கலந்து வைங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

கொண்டுவந்தார்கள். ஆபீசரே தன் மூடிகளுக்கு அடியில் மறைவாகப் பென்சில் குறி போட்டு, இருபதையும் கலைத்தார். பாஞ்சாலி மேஜைக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டினாள். ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார்கள். "நம்மது. இது அவங்களது. அவங்களது. நம்மது." பிள்ளைகள் புளியங்கொட்டை ஆடுகிற வேகம். கடைசி மூடியில் கொஞ்சம் தாமதித்தாள்.

"இது நம்மதுதான். யாரோ சரியா தொடைக்காம வுட்டுக்கீறாங்க. நான் இல்ல, ராத்திரி ஷிஃப்டு."

ஆபீசர் குறியைப் பார்த்தார். இருபதுக்கு இருபது. பூதக்கண்ணாடியை எடுத்தார், எள்ளைக் கண்டுகொண்டார். முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பின் ஆரம்பம் தெரிந்தது. ஆனால் விடவில்லை.

"சரி, இந்த அடையாளம் எப்ப வந்தது, எப்படி வந்ததுன்னு கேக்கறாங்க" என்றாள் ஜயஸ்ரீ.

எல்லோரும் ஜெபகுமாரைப் பார்த்தார்கள். டை அவன் பொறுப்பல்லவா?

"அவன ஏன் பாக்கறீங்க?" என்றாள் பாஞ்சாலி. "நான்தான் பண்ணேன். டை வந்த அன்னிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கச் சொன்னேன். பழத்துக்குள்ள ஒடஞ்ச ஊசி இருந்துச்சு. அவன் வேணாம்னுதான் சொன்னான். நான் வுடல."

யதிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பன்னண்டு லட்சம் டையில எலுமிச்சம்பழம் நசுக்கினீங்களா?"

"நசுக்குனதாலதான சார் இப்போ பொழச்சீங்க?"

யதிராஜ் உட்கார்ந்துவிட்டார். இசக்கிதுரை இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ஜயஸ்ரீ ஆங்கிலத்தில் எலுமிச்சம்பழத்தைச் சொல்லி, எதற்கு நசுக்குவோம் என்பதைச் சொல்லி, கண்ணேறு என்றால் என்ன என்று சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஜெபகுமார் போனை நீட்டினான். மாலை போட்ட டை, நடுவில் மஞ்சளாக ஒரு பழம், மேலே தேதி, நேரம். முதல் கன்டெய்னர் கிளம்புவதற்கு ஐந்து மாதம் முன்னால்.

பிறகு எல்லோரும் மெஷினுக்குப் போனார்கள். கண்முன்னால் ஒரு மூடி விழுந்தது. ஆபீசர் சூடு ஆறும்வரை பொறுக்காமல் எடுத்து, கையை மாற்றி மாற்றி, உள்பக்கம் கட்டைவிரலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பாஞ்சாலியைப் பார்த்து என்னவோ சொன்னார்.

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறாங்களாம். எலுமிச்சம்பழத்தை சாட்சியா எழுதறது இதுதான் முதல் தடவையாம்" என்றாள் ஜயஸ்ரீ.

"பழைய அட்டைய மன்னிச்சு வுட்டுடச் சொல்லு. அடுத்த தபா வெள்ள அட்ட வெக்கறோம்" என்றாள் பாஞ்சாலி.

மூன்று வாரத்தில் தடை நீங்கியது. மூன்றாவது கன்டெய்னர் வெள்ளை அட்டையோடு போய்ச் சேர்ந்தது. அந்தச் சனிக்கிழமை யதிராஜ் பாஞ்சாலியைக் கூப்பிட்டு மேஜைமேல் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று கம்பெனி ரோலில் எடுக்கும் ஆர்டர். இன்னொன்று எச்சரிக்கை மெமோ. இரண்டிலும் கைநாட்டு வேண்டும்.

"வாசிம்மா" என்றாள் பக்கத்தில் நின்ற ஜயஸ்ரீயிடம். மெமோவில், கவனக்குறைவால் டைக்குச் சேதம் விளைவித்தார் என்று எழுதியிருந்தது.

"கவனக்குறைவா? ஊசி ஒடஞ்சது கவனக்குறைவு. பழம் வெச்சது கவனத்தோட வெச்சேன். சாமி கும்புட்டு வெச்சேன். ரெண்டையும் பிரிச்சு எழுதுங்க."

"பாஞ்சாலி, மெமோவையே திருத்தறீங்களா?"

"பொய்யில நாட்டு வெக்க மாட்டேன் சார். எவ்ளோ நேரம் ஆனாலும் நிக்கறேன். ஷிஃப்டு முடிஞ்சுச்சு, ஓ.டி. வேணாம்."

திருத்தி அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கெட்டிக்காரக் கட்டைவிரல் மையைத் தொட்டது, முதலில் மெமோவில், பிறகு ஆர்டரில்.

டையில் இருந்த குழியை யாரும் மெருகேற்றி அழிக்கவில்லை. வாங்குகிறவரே, அந்த மச்சம் அப்படியே இருக்கட்டும் என்று வரைபடத்தில் சேர்த்துக்கொண்டாராம். ரத்னாவின் பழைய கம்பெனி இன்னும் ஒரு ஷிஃப்டுதான் ஓடுகிறது. அவளோடு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள்; அதை எந்த எலுமிச்சம்பழமும் சரிசெய்யவில்லை. ஆனால் தை பிறந்ததும் இரண்டாவது மெஷின் வந்தது, ரத்னாவும் கம்பெனி நீலச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

புது டை இறங்கிய அன்று மெஷின் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு போர்டு தொங்கியது. தமிழ், இந்தி, இங்கிலீஷ், மூன்றிலும் எழுதியிருந்தது. பாஞ்சாலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இன்னா போட்டுக்கீது ரத்னா?"

ரத்னா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "டைக்குள் எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பாஞ்சாலி ஜெபகுமாரைத் தேடிக் கழுத்தைத் திருப்பினாள். அவன் அதற்குள் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

"டேய் ஜெபகுமாரு, வாடா இங்க! பூசணிக்கா பத்தி ஒண்ணும் எழுதலடா!"